கணக்கேடு பழுதுபட்டால்

ஹைதராபாத் இராஜ்யத்தில் 1954-55ஆம் ஆண்டில் கிராமந்தோறும் எழுதப்பெற்ற ‘கஸ்ரா பஹாணி’ என்னும் நிலப் பதிவேடு, இன்றளவும் தெலங்கானாவின் நீதிமன்றங்களில் சான்றாக எடுத்துக் காட்டப்படுகிறது. பட்வாரி ஒருவர் தம் கையால் கோடு கிழித்து, சர்வே எண், பரப்பு, பட்டாதாரர் பெயர், சாகுபடி செய்வோர் பெயர் எனக் கலங்களைப் பிரித்து, நிலத்துக்கு ஒரு வரியாக எழுதிச் சென்ற ஏடு அது. அதில் ஒரு கலம் விடுபட்டிருந்தால் ஒரு குடும்பத்தின் உரிமை விடுபட்டது. ஒரு வரி கறையான் வாய்ப்பட்டால் ஒரு வயல் வாதத்துக்கு உள்ளாயிற்று. இன்று பட்வாரியின் இடத்தில் கணிப்பொறி அமர்ந்திருக்கிறது. ஆனால் வரியும் கலமும் மாறவில்லை. அவற்றில் நேரும் பழுதுகளின் இயல்பும் பெரிதும் மாறவில்லை. அப்பழுதுகள் யாவை, அவற்றைக் கண்டுபிடிப்பது எங்ஙனம் என்பதையே இன்று நேயர்களோடு ஆராயப் புகுகின்றோம்.

வரிகளும் கலங்களுமாகிய அட்டவணைகளில் செய்திகளை அடுக்கி, ஓர் அட்டவணையை மற்றோர் அட்டவணையோடு பொது எண் ஒன்றினால் இணைத்து வைக்கும் முறைக்கு ‘உறவுநிலைத் தரவுத்தளம்’ என்று பெயர். இதன் கொள்கையை 1970ஆம் ஆண்டில் வகுத்தளித்தவர் எட்கர் காட் என்னும் ஆங்கிலேயர்; இரண்டாம் உலகப் போரில் விமானம் ஓட்டியவர்; பின்னர் அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர். செய்தி பெட்டிக்குள் எவ்விடத்தில், எவ்வாறு வைக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கேட்பவன் அறிய வேண்டுவதில்லை. ‘இன்னது வேண்டும்’ என்று சொன்னால் போதும், தேடித் தருவது பொறியின் கடமை என்பது அவர் கருத்து. அவ்வாறு கேட்பதற்கு உரிய மொழியை 1974இல் அதே நிறுவனத்தைச் சேர்ந்த சேம்பர்லின், பாய்ஸ் என்னும் இருவர் அமைத்தனர். அம்மொழியே வளர்ந்து இன்று எஸ்.க்யூ.எல். என வழங்குகிறது. வங்கிக் கணக்கு, மருத்துவமனைச் சீட்டு, பட்டா நகல் எனப் பலவற்றின் பின்னாலும் நின்று விடை சொல்வது இம்மொழிதான்.

அட்டவணையின் அமைப்பில் நேரும் பிழையே பிழைகளுள் கொடியது. ஏனெனில் அது பிழையாகத் தோன்றுவதில்லை. எடுத்துக்காட்டாக, இப்பக்கத்தில் நிலத்தை ஏக்கர், குண்டா என்று அளப்பது வழக்கம். நாற்பது குண்டா சேர்ந்தது ஓர் ஏக்கர். பதிவேட்டில் 2.30 என்று எழுதியிருந்தால் அதற்கு இரண்டு ஏக்கர் முப்பது குண்டா என்பது பொருள். ஊரார் அனைவரும் அவ்வாறே படிப்பர். ஆனால் அட்டவணையை அமைத்த இளைஞர் வேற்றூரார். புள்ளியைக் கண்டதும் அக்கலத்தைத் தசமக் கலமாக வைத்துவிட்டார் என்று கொள்வோம். ஓர் உழவருக்கு 2.30 ஒன்றும் 1.20 ஒன்றுமாக இரு துண்டுகள். பொறி கூட்டி 3.50 என்று விடை தருகிறது. அதை மூன்றரை ஏக்கர் என்றும் படிக்கிறது. உண்மையோ நான்கு ஏக்கர் பத்துக் குண்டா! முக்கால் ஏக்கர், அதாவது முப்பது குண்டா நிலம், யாரும் அபகரிக்காமலே மறைந்துவிட்டது. தெலங்கானா அரசு 2018இல் தொடங்கிய ரைத்து பந்து திட்டத்தில் ஏக்கருக்குப் பருவந்தோறும் 4,000 ரூபாய் வழங்கப்பட்டது. அக்கணக்கில் இப்பிழை ஒரு பருவத்துக்கு 3,000 ரூபாய் நட்டம் விளைக்கும். இத்தகைய பழுது உள்ளதா என்று அறிய எளிய வழி உண்டு. புள்ளிக்கு வலப்பக்கம் நாற்பதோ அதற்கு மேலோ எங்கேனும் நிற்கிறதா என்று வினவிப் பார்க்கலாம். குண்டாக் கணக்கில் அது நிற்கவே கூடாது. நின்றால் எவரோ தசமக் கணக்கில் எழுதியிருக்கிறார். ஏக்கருக்கு ஒரு கலம், குண்டாவுக்கு ஒரு கலம் என இரண்டாகப் பிரித்து, குண்டாக் கலத்தில் நாற்பதுக்குக் குறைந்த எண்ணே ஏறலாம் என்று விதி வைப்பதே நிலையான மருந்து.

அடுத்தது, ஒரு வரி என்பது எதனைக் குறிக்கிறது என்னும் வினா. இதில் தெளிவு இல்லாத அட்டவணை எத்துணைப் பேருக்குத் துன்பம் தரும் என்பதற்கு நம் கண்முன்னே நிகழ்ந்த சான்று ஒன்று உண்டு. தெலங்கானாவில் நிலப் பதிவேடுகளைச் செம்மைப்படுத்தும் இயக்கம் 2017இல் நடந்தது. அதன் பின்னர், 2020ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் ‘தரணி’ என்னும் கணிப்பொறிப் பதிவேடு தொடங்கப்பெற்றது. கிரயப் பத்திரம் பதிவான அன்றே பட்டா மாற்றமும் நிகழ்ந்துவிடும் என்பது அதன் பெருமை. மாதக்கணக்கில் அலுவலகப் படி ஏறி இறங்கியவர்க்கு அது மெய்யாகவே நன்மை என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் விரைவில் முறையீடுகள் எழுந்தன. ஒரு சர்வே எண்ணில் சிறு பகுதி மட்டுமே அரசு நிலமாக இருக்க, அவ்வெண் முழுவதும் விற்கத் தடை செய்யப்பட்ட பட்டியலில் ஏறிவிட்டது என்பது அவற்றுள் ஒன்று. இதனைத் தரவுத்தளக் கண்கொண்டு பார்த்தால் காரணம் எளிதில் விளங்கும். நிலத்தின் உரிமை உட்பிரிவு வாரியாக வேறுபடுகிறது. தடையோ சர்வே எண் வாரியாக எழுதப்படுகிறது. சிறியதைக் குறிக்க வேண்டிய வரி பெரியதைக் குறித்துவிட்டால், ஒருவர் மேல் விழவேண்டிய தடை பக்கத்து வயல்காரர் அனைவர் மேலும் விழுகிறது. மகளின் திருமணத்துக்காக அரை ஏக்கரை விற்க வந்தவர், ‘உமது நிலம் பட்டியலில் உள்ளது’ என்ற விடையோடு திரும்ப நேர்கிறது.

மற்றொரு முறையீடு, பழைய பஹாணியில் இருந்த சாகுபடியாளர் கலம் தரணியில் இடம்பெறவில்லை என்பது. கலத்தை நீக்குவது கணிப்பொறியில் ஒரு நொடி வேலை. அக்கலத்தில் மட்டுமே பெயர் இருந்த குத்தகைதாரருக்கு அதன் பின் சான்று ஏது? கலத்தை நீக்குவது தொழில்நுட்பச் செயல் அன்று, அது ஒரு தீர்ப்பு என்பதே எம் கருத்து. திருத்தும் அதிகாரம் 2024இல் கீழ்நிலை அதிகாரிகளுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் சட்டமன்றத்தில் புதிய சட்டம் நிறைவேறி, 2025 ஏப்ரல் 14ஆம் நாள் ‘பூ பாரதி’ தரணியின் இடத்தைப் பெற்றது. நிலத்துண்டு ஒவ்வொன்றுக்கும் ‘பூதார்’ என்னும் தனி எண் வழங்க அச்சட்டம் வகை செய்கிறது. காட் வகுத்த கொள்கையில் ‘முதன்மைத் திறவு’ எனப்படுவது இதுவே: ஒரு பொருளுக்கு ஓர் எண், அவ்வெண் வேறெதற்கும் ஆகாது.

பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இதில் சற்று அக்கறை மிகுதி. ஆங்கில எழுத்து ஒன்று பொறியின் நினைவில் ஒரு பைட்டு இடம் கொள்கிறது. தமிழ், தெலுங்கு எழுத்துக் குறிகளோ இன்று பெருவழக்கான யூ.டி.எஃப்.-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட்டு கொள்கின்றன. ‘வெங்கடேஸ்வர்லு’ என்று தெலுங்கில் எழுதினால் பதின்மூன்று குறிகள். ஆகவே 39 பைட்டுகள். கலத்தின் நீளத்தைச் சில தளங்கள் எழுத்துக் கணக்கிலும் சில தளங்கள் பைட்டுக் கணக்கிலும் அளக்கின்றன. பைட்டுக் கணக்கில் முப்பது என்று அமைத்த கலத்தில் இப்பெயர் கொள்ளாது. கட்டுப்பாடுள்ள தளம் ஏற்க மறுத்துக் குரல் எழுப்பும். தளர்ந்த அமைப்புள்ள தளமோ வாலை வெட்டிவிட்டு வாளாவிருக்கும். பெயர் பாதியில் முடிந்த வரிகளைக் கண்டால் முதலில் கலத்தின் நீளத்தையே ஐயுற வேண்டும்.

இனி வினவல்களுக்கு வருவோம். வினவல் பிழைபட்டால் பொறி சினந்து பிழைச் செய்தி தரும் என்று பலர் நம்புகின்றனர். அவ்வாறு தந்தால் அது நல்வினைப் பயன். இலக்கணம் வழுவாத வினவல் தவறான விடையை அமைதியாகத் தருவதே ஆபத்து. நிலங்களின் அட்டவணை ஒன்று. உரிமையாளர் அட்டவணை ஒன்று. இரண்டையும் சர்வே எண்ணால் இணைத்து, கிராமத்தின் மொத்தப் பரப்பு எவ்வளவு என்று கேட்கிறோம். ஒரு துண்டுக்கு அண்ணன் தம்பி மூவர் பங்காளிகளாயின் இணைப்பில் அத்துண்டு மூன்று வரிகளாகப் பெருகும், பரப்பும் மும்மடங்காகும். கிராமம் தன் எல்லையைத் தாண்டி வளர்ந்துவிட்டதாகக் கணக்கு காட்டும். இணைக்கும் முன் எத்தனை வரிகள், இணைத்த பின் எத்தனை வரிகள் என்று எண்ணிப் பார்ப்பது இதற்குரிய சோதனை. எண்ணிக்கை பெருகியிருந்தால், கூட்டலை முதலில் முடித்துப் பின்னரே இணைக்க வேண்டும்.

இதனினும் நுட்பமான ஒன்று, ‘இன்மை’ என்னும் மதிப்பால் விளைவது. கலத்தில் எதுவும் எழுதப்படாத நிலையைத் தளம் ‘நல்’ என்று குறிக்கும். அது சுழியமும் அன்று. வெற்றுச் சொல்லும் அன்று. ‘தெரியவில்லை’ என்பதே அதன் பொருள். தடைப்பட்டியலில் இல்லாத சர்வே எண்கள் யாவை என்று கேட்கிறோம். பட்டியலில் நூறு எண்களும், எவரோ எண்ணை நிரப்ப மறந்த ஒரு வரியும் உள்ளன. ‘இப்பட்டியலில் இல்லாதவை’ என்று நேரடியாக வினவினால் விடையாக ஒரு வரியும் வராது! ஏன்? பொறி ஒவ்வொரு நிலத்தையும் எடுத்து, ‘இது அந்தத் தெரியாத எண்ணாக இராது என்று எங்ஙனம் உறுதி கூறுவேன்?’ எனத் தயங்குகிறது. தர்க்கத்தில் குற்றமில்லை. ஆனால் கிராமம் முழுவதும் தடைக்குள்ளானது போன்ற தோற்றம் உண்டாகிறது. ‘இதற்கு இணையான வரி அங்கே உள்ளதா’ என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கும் வடிவில் வினவலைத் திருப்பி எழுதினால் இக்குறை தீரும். அதனோடு, சர்வே எண் கலம் வெறுமையாக இருத்தலாகாது என்று அட்டவணையிலேயே விதித்துவிடுவது இன்னும் மேல்.

வினவல் சரியான விடையைத் தந்தும் மிகத் தாமதிப்பதுண்டு. அதன் காரணத்தை அறிய நம் ஊர்ப் பழைய தொலைபேசிக் கையேட்டை நினைவுகூர்வோம். தெலுங்கர் பெயரில் வீட்டுப்பெயர் முன்னும் இட்டபெயர் பின்னும் வரும். வீட்டுப்பெயரின் அகர வரிசையில் அடுக்கிய கையேட்டில், வீட்டுப்பெயர் தெரிந்தால் ஒருவரை நொடியில் காணலாம். ‘ஸ்ரீனிவாஸ்’ என்பது மட்டும் தெரிந்தால் முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை புரட்ட வேண்டியதுதான். தரவுத்தளத்தின் இன்டெக்ஸ் என்னும் அடைவும் அத்தகையதே. இரு கலங்களால் அமைந்த அடைவு, முதற்கலம் தெரியாதபோது பெரும்பாலும் உதவாது. பெயரின் நடுவில் வரும் எழுத்தைக் கொண்டு தேடுவதும், கலத்தை ஏதேனும் ஒரு சார்பால் உருமாற்றிவிட்டுத் தேடுவதும் அவ்வாறே அடைவைப் பயனற்றதாக்கும். ‘நீ எவ்வழியில் தேடப் போகிறாய்?’ என்று தளத்தையே கேட்க ‘எக்ஸ்ப்ளெயின்’ என்னும் ஆணை உண்டு. அதன் விடையைப் படிக்கக் கற்றவர் ஊகத்தில் காலம் கழிக்க மாட்டார்.

திருத்தும் ஆணையில் நிபந்தனையை எழுத மறப்பது இத்துறையில் பழமையான விபத்து. ஒருவரின் தந்தை பெயரைத் திருத்தப் புகுந்து, ‘இன்ன பட்டாவுக்கு மட்டும்’ என்னும் தொடரை விட்டுவிட்டால் மாவட்டம் முழுவதும் ஒரே தந்தைக்குப் பிள்ளைகளாகிவிடும். ஆகவே திருத்துமுன் அதே நிபந்தனையால் வரிகளைத் தெரிவு செய்து எண்ணிப் பார்ப்பதும், செயலை ‘டிரான்ஸாக்ஷன்’ என்னும் கட்டுக்குள் தொடங்கி, எண்ணிக்கை ஒத்திருந்தால் மட்டும் உறுதி செய்வதும் நன்று. இக்கட்டின் சிறப்பு, முழுவதும் நிகழும் அல்லது ஒன்றுமே நிகழாது என்பதாகும். விற்றவர் பெயர் நீங்கி, வாங்கியவர் பெயர் ஏறுமுன் மின்சாரம் நின்றாலும், நிலம் உரிமையாளர் அற்றதாக அந்தரத்தில் நிற்காது.

இவ்வளவு காத்தும் பழுது நேர்ந்தால் கைகொடுப்பது காப்புப்படி ஒன்றே. இதைப் பற்றி நாம் பேசுவது நூலறிவால் மட்டும் அன்று. நாம் முன்னர்ப் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில் ஆட்சிச்சொற்களின் தொகுதி ஒன்று இருந்தது. ஆங்கிலச் சொல், இந்திச் சொல், தமிழ்ச் சொல், அது முதன்முதல் ஆளப்பட்ட கோப்பின் எண் என நான்கு கலங்கள். எமக்கு மூத்தவர் ஒருவர் ஏழாண்டு உழைப்பில் திரட்டியது. ஓய்வு பெறும் நாளில் அதனை எம் கையில் ஒப்படைத்துச் சென்றார். நாள்தோறும் இரவில் காப்புப்படி தானே எழுதப்பட்டு வந்தது. காலையில் கோப்பின் பெயரையும் தேதியையும் பார்த்து ஏட்டில் கையொப்பமிடுவது எம் வழக்கம். ஒரு மழைக்காலத்தில் வட்டு பழுதாயிற்று. கவலையில்லை என்று காப்புப்படியை எடுத்து ஏற்றினோம். வரிகள் எல்லாம் வந்தன. ஆங்கிலச் சொற்கள் வந்தன. தமிழும் இந்தியும் இருக்க வேண்டிய இடத்திலோ வரிசை வரிசையாக வினாக்குறிகள்!

காரணம் பின்னர் விளங்கிற்று. சில மாதங்களுக்கு முன் கணிப்பொறியை மாற்றியபோது, படி எடுக்கும் செயலி தளத்தோடு பேசும் எழுத்துமுறை ‘லத்தீன்-1’ என்று அமைந்துவிட்டது. அம்முறையில் இல்லாத எழுத்து ஒவ்வொன்றுக்கும் பதிலாகத் தளம் ஒரு வினாக்குறியை அனுப்பியது. எழுத்துகள் ஐரோப்பியக் குறிகளாகக் குழம்பித் தோன்றினால் பெரும்பாலும் மூலப் பைட்டுகள் உள்ளே இருக்கும். முறையை மாற்றிப் படித்து மீட்கலாம். வினாக்குறியானால் மீட்சியில்லை, எழுத்து போனது போனதுதான். வெட்கத்தோடு மற்றொன்றையும் கூற வேண்டும். தமிழ்க் குறி மூன்று பைட்டு, வினாக்குறி ஒரு பைட்டு. ஆதலால் கணிப்பொறி மாறிய நாளிலிருந்தே கோப்பின் அளவு பாதிக்கும் கீழாகச் சுருங்கியிருந்தது. தேதியைப் பார்த்துக் கையொப்பமிட்ட நாம் அளவைப் பார்க்கவில்லை. இரண்டாண்டுக்கு முந்திய ஒரு குறுந்தகடும், பெரியவர் தம் பழக்கப்படி அச்சிட்டுக் கட்டி வைத்திருந்த தாள்களுமே எம்மைக் காத்தன. எஞ்சியவற்றைத் திரும்பத் தட்டச்சு செய்ய ஐந்து மாதம் பிடித்தது. அவரிடம் இதைச் சொல்ல நமக்கு நாவெழவில்லை. அவரே கேள்வியுற்று, சனிக்கிழமைதோறும் வந்து உடனமர்ந்து சரிபார்த்துத் தந்தார்.

பெரிய நிறுவனங்களுக்கும் இந்நிலை நேர்ந்துள்ளது. 2017 ஜனவரி 31ஆம் நாள், கிட்லாப் என்னும் மென்பொருள் நிறுவனத்தில் பொறியாளர் ஒருவர் தளர்ச்சியான ஓர் இரவு வேளையில், துணைக்கணிப்பொறி என்று எண்ணி மூலக்கணிப்பொறியின் தரவுத்தளத்தை அழிக்கத் தொடங்கினார். உணர்ந்து நிறுத்துவதற்குள் ஏறத்தாழ 300 ஜிகாபைட்டில் நாலரையே எஞ்சியது. காப்புக்குப் பல வழிகள் வைத்திருந்தனர். ஆயின் அன்றாடப் படி எடுக்கும் செயலி தளத்தின் பதிப்போடு பொருந்தாததால் படி எழுதாமலே தோற்று வந்திருந்தது. அத்தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சலும் உரியவரைச் சேரவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன், வேறொரு காரியத்துக்காகத் தற்செயலாக எடுத்த படி ஒன்று இருந்ததால் பிழைத்தனர். 2025 செப்டம்பர் 26ஆம் நாள் தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரசுத் தரவு மையம் தீப்பற்றியபோது அத்தற்செயலும் வாய்க்கவில்லை. அரசு ஊழியர்கள் கோப்புகளை வைத்திருந்த சேமிப்பகத்தில் 858 டெராபைட் அழிந்தது. அளவு மிகப் பெரிது என்று அதற்கு வெளியிடத்தில் படி வைக்கப்படவில்லை.

படி வேறிடத்தில் இருக்க வேண்டும் என்பதை ஹைதராபாத் வாசிகளுக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1908 செப்டம்பர் 28இல் மூசி நதி பெருகி நகரின் பெரும்பகுதியை வாரிச் சென்றதை இவ்வூர் மறக்கவில்லை; தரணி தொடங்குவதற்கு இரு வாரம் முன், 2020 அக்டோபரிலும் பல பகுதிகளில் தரைத்தளங்கள் நீரில் மூழ்கின. ஒரே கட்டடத்தின் மேல்மாடியில் மூலத்தையும் கீழ்த்தளத்தில் படியையும் வைப்பது படி வைத்ததாகாது. நாள்முழுதும் நிகழும் மாற்றங்களைத் தளம் தன் நிகழ்ச்சிச் சுவடியில் வரிசையாக எழுதிச் செல்கிறது. அச்சுவடியையும் அவ்வப்போது வெளியூருக்கு அனுப்பி வைத்தால், நேற்றிரவுப் படியை ஏற்றி, அதன்மேல் சுவடியை ஓட்டி, பிழை நேர்ந்த நிமிடத்துக்கு முந்திய நிமிடம் வரை மீட்டெடுக்கலாம். பழுதைக் கண்டவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, பழுதான நிலையையே ஒரு படி எடுத்து வைப்பது. பதற்றத்தில் செய்யும் திருத்தம் முதற் பழுதைவிட அதிகம் அழிப்பதுண்டு.

இப்பொழுது நம் அலுவலகத்தில் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, காப்புப்படியை வேறொரு கணிப்பொறியில் ஏற்றுகிறோம். வரிகளை எண்ணி மூலத்தோடு ஒப்பிட்ட பின், ஒருவர் ஏதேனும் பத்துச் சொற்களை உரக்கப் படிக்க, மற்றவர் மூலத்தில் பார்த்து ‘சரி’ என்கிறார். அரைமணி நேர வேலை. சென்ற மாதம் எண்ணிக்கையில் ஒரு வரி குறைந்தது. படி எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் எம் இளைய நண்பர் புதிய சொல் ஒன்றை ஏற்றியதே காரணம் என்று பத்து நிமிடத்தில் கண்டறிந்து, ஏட்டில் எழுதிக் கையொப்பமிட்டோம். இம்முறை கோப்பின் அளவையும் சேர்த்தே எழுதினோம்.